சர்க்கரை நோயாளிகளுக்கு நட்ஸ் பார் வாங்குவோர் கவனத்திற்கு

என் அப்பாவுக்கு வயது 71. சர்க்கரை நோய் வந்து 14 ஆண்டுகள் ஆகின்றன. மாலைத் தேநீருடன் இரண்டு மேரி பிஸ்கட் சாப்பிடும் பழக்கத்தை விடும்படி மருத்துவர் கண்டித்துச் சொன்னதால், அதற்குப் பதிலாக என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் மதுரையில் எங்கள் தெருமுனை மருந்துக் கடையில், ரத்தச் சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப்புகளுக்குப் பக்கத்தில் அடுக்கி வைத்திருந்த அந்த நட்ஸ் பார் பெட்டி கண்ணில் பட்டது. உறையின் முன்பக்கம் முழுவதும் பாதாம் பருப்புகளின் படம். அதன் மேலே ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று பச்சை நிற முத்திரை. “சுகர் இருக்கறவங்க எல்லாரும் இதைத்தான் வாங்கிட்டுப் போறாங்கக்கா, பயமில்லாம குடுங்க” என்றார் கடைக்காரர். பெட்டிக்கு 12 பார்கள், விலை 660 ரூபாய். யோசிக்காமல் வாங்கினேன், தீரத் தீர மேலும் வாங்கினேன்.

அப்பாவுக்குச் சுவை பிடித்துப்போயிற்று. தேநீருடன் ஒன்று, நடைப்பயிற்சி முடித்து வந்ததும் ஒன்று என்று ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் சாப்பிட்டார். அடுத்த பரிசோதனையில் எச்பிஏ1சி அளவு (கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டுவது) 7.1-லிருந்து 7.9 ஆக உயர்ந்திருந்தது. மாத்திரையைத் தவறவிட்டீர்களா, சாப்பாட்டில் என்ன மாறியது என்று மருத்துவர் ஒவ்வொன்றாகக் கேட்டு வந்தபோதுதான் இந்தப் பார் பற்றிய பேச்சு எழுந்தது. “மருந்துக் கடையிலேயே விக்கிறாங்களேம்மா, அதுல என்ன இருக்கப்போவுது?” என்று அப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். அந்தக் கேள்வி இன்றும் என் மனத்தை அறுக்கிறது, ஏனென்றால் அதை அவர் கையில் கொடுத்தவள் நான். உயர்வுக்கு இந்தப் பார் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த மாதங்களில் இரண்டு திருமண விருந்துகளும் இருந்தன. ஆனால் அன்று மாலை வீட்டுக்கு வந்து உறையின் பின்பக்கத்தை முதல்முறையாக முழுமையாகப் படித்தபோது, நான் எதை வாங்கிக் கொடுத்திருக்கிறேன் என்பது விளங்கியது.

மூலப்பொருட்களை எடை மிகுந்ததிலிருந்து குறைந்தது வரை வரிசையாக எழுத வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. பெயரிலோ படத்திலோ ஒரு பொருளை முன்னிறுத்தி விற்றால், அது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும். ஆகவே உண்மை அந்தப் பட்டியலில்தான் இருந்தது, கடுகை விடச் சிறிய எழுத்தில். முதலில் பேரீச்சை விழுது, 44 சதவீதம். அடுத்து சோயா பொரி, உலர் திராட்சை. அதன் பிறகுதான் பாதாம், 12 சதவீதம். ஒரு பார் 40 கிராம் என்றால் பாதாம் ஐந்து கிராம்கூட இல்லை, அதாவது நாலு பருப்பு. முன்பக்கப் படத்தில் நான் எண்ணிப் பார்த்தேன், பதினேழு இருந்தன.

ஊட்டச்சத்து அட்டவணை அதைவிட வருத்தம் தந்தது. 100 கிராமுக்கு மாவுச்சத்து (கார்போஹைட்ரேட்) 62 கிராம், அதற்குள் மொத்தச் சர்க்கரை 40 கிராம், புரதம் 8 கிராம். அப்படியானால் ஒரு பாரில் சர்க்கரை மட்டும் 16 கிராம், ஏறத்தாழ நாலு தேக்கரண்டி. மாவுச்சத்து 25 கிராம். மருத்துவர் நிறுத்தச் சொன்ன இரண்டு மேரி பிஸ்கட்டுகளில் மாவுச்சத்து 10 கிராமுக்குள்தான் இருக்கும். தீயதை விலக்குவதாக நினைத்துக்கொண்டு, நாள்தோறும் இரண்டு பார்களில் அதைப்போல் ஐந்து மடங்கை நான் அப்பாவுக்கு ஊட்டியிருக்கிறேன்.

பேரீச்சை நல்ல பழம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. நானும் மறுக்கவில்லை, அதில் நார்ச்சத்தும் பொட்டாசியமும் இருக்கின்றன. ஆனால் காய்ந்த பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். கொட்டையுள்ள பழமாக எடுத்து மென்று தின்றால் இரண்டோ மூன்றோ தின்றதும் திகட்டி நின்றுவிடுவோம். விழுதாக அரைத்துப் பாகு போலச் சேர்த்து இறுக்கிய பாரில் எத்தனை பழம் உள்ளே போயிற்று என்பதே தெரிவதில்லை. சர்க்கரைப் பாகு செய்யும் வேலையைத்தான், அதாவது இனிப்பூட்டுவதையும் ஒட்டிப் பிடிப்பதையும்தான், இங்கே பேரீச்சை விழுது செய்கிறது.

இதைச் சட்டமும் உணர்ந்திருக்கிறது என்பது பிறகு தேடிப் படித்தபோது தெரிந்தது. உணவுக்கான பன்னாட்டு நெறிமுறையான கோடெக்ஸ், ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று சொல்வதற்கு விதிக்கும் நிபந்தனைகளில், சேர்க்கும் சர்க்கரைக்கு ஈடாக வேலை செய்யும், சர்க்கரை அடங்கிய பொருளைச் சேர்க்கக் கூடாது என்பதும் ஒன்று. அதற்கு எடுத்துக்காட்டாக உலர்பழ விழுதையே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. சர்க்கரை சேர்த்த பழத்துண்டுகள் போன்ற பொருள்களும் இருக்கக் கூடாது என்கிறது. இந்தியாவில் உணவு விளம்பரங்களுக்கும் உறையில் அச்சிடும் கூற்றுகளுக்குமான 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளும் இந்த வழியில் வந்தவையே. பழத்துண்டுகள் பற்றிய வரியைப் படித்ததும் உறையின் மூலப்பொருள் பட்டியலுக்குத் திரும்பினேன். ஐந்தாவதாக ‘கிரான்பெர்ரி’ என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘கிரான்பெர்ரி, சர்க்கரை, சூரியகாந்தி எண்ணெய்’ என்று எழுதியிருந்தது. கிரான்பெர்ரி வாயில் வைக்க முடியாத புளிப்பு. அதனால்தான் அதைப் பெரும்பாலும் சர்க்கரையில் ஊறவைத்தே உலர்த்துகிறார்கள். பின்பக்கம் சர்க்கரை என்று எழுதிவிட்டு, முன்பக்கம் சர்க்கரை சேர்க்கவில்லை என்று முத்திரை குத்தியிருக்கிறார்கள்.

நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். முதல் பதில், இதில் உள்ளது இயற்கைச் சர்க்கரை மட்டுமே என்றது. கிரான்பெர்ரி வரியைப் படம் எடுத்து அனுப்பிய பிறகு, அந்தச் சர்க்கரை தாங்கள் சேர்த்ததல்ல, பழத்தை வழங்கியவர் சேர்த்தது என்றார்கள். உண்பவரின் உடலுக்கு அந்த வேறுபாடு தெரியுமா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அடுத்த முறை வாங்கும்போது பத்து சதவீதம் தள்ளுபடி தரும் கூப்பன்தான் வந்தது. கடைக்காரரிடம் போய்ச் சொன்னபோது, கம்பெனிக்காரர் வந்து சொன்னதைத்தான் தானும் சொன்னதாகக் கூறிவிட்டு, பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க முடியாது என்றார். அவர் மேல் எனக்குக் கோபத்தை விட வருத்தமே அதிகம். மருந்துக் கடையில் நின்று சொல்லப்படும் சொல்லுக்கு மக்களிடம் தனி மதிப்பு இருக்கிறது. அதை அவர் உணர வேண்டும்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். 480 கிராம் பெட்டி 660 ரூபாய் என்றால் கிலோ 1,375 ரூபாய் ஆகிறது. அதே வாரம் கீழமாசி வீதியில் நான் முழுப் பாதாம் வாங்கிய விலை கிலோ 900 ரூபாய். ஏறக்குறைய பாதி பேரீச்சை விழுதாக இருக்கும் பண்டத்துக்குப் பாதாமை விடக் கூடுதல் விலை கொடுத்திருக்கிறோம். கோவில்பட்டிக் கடலை மிட்டாயும் இனிப்புப் பண்டம்தான், அதையும் அப்பாவுக்குக் கொடுக்க முடியாது; ஆனால் அது வேர்க்கடலையும் வெல்லமும் என்பதை யாரும் மறைத்து விற்பதில்லை.

எல்லாப் பார்களும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. பருப்புகள் பாதிக்கு மேல் இருப்பவையும் சந்தையில் உண்டு. காலை உணவைத் தவறவிட்டுப் பேருந்தில் ஏறும் ஆரோக்கியமான இளைஞருக்குக் கிரீம் பிஸ்கட்டை விட இது மேலானதாகவே இருக்கலாம். சர்க்கரை நோயுள்ள பெரியவருக்கோ, தினமும் பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் குழந்தைக்கோ வாங்குகிறவர்கள் மட்டும், முன்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பின்பக்கத்தின் முதல் மூன்று பொருள்களையும், ‘மொத்தச் சர்க்கரை’ என்ற வரியையும் பாருங்கள். ‘சேர்க்கப்பட்ட சர்க்கரை: 0’ என்ற வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள், எங்கள் பெட்டியிலும் அப்படித்தான் அச்சிட்டிருந்தது. மால்டிடால் என்று இருந்தால் அதுவும் இனிப்பூட்டிதான்; ரத்தச் சர்க்கரையைச் சற்றுக் குறைவாக உயர்த்தும், அளவு மீறினால் வயிற்றைக் கலக்கும்.

அப்பா இப்போது மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலையோ, வீட்டில் அவித்த கொண்டைக்கடலைச் சுண்டலோ சாப்பிடுகிறார். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். உணவுப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் உறையின் படங்களோடு அனுப்பியிருக்கிறேன். இரண்டும் இன்னும் விசாரணையில் உள்ளன. பிரிக்காத ஐந்து பார்களையும் ரசீதையும் சான்றாக எடுத்து வைத்திருக்கிறேன். மருந்துக் கடையில் அந்தப் பெட்டிகள் நேற்றும் ஸ்ட்ரிப்புகளுக்குப் பக்கத்திலேயே இருந்தன.