குட்டி நாய்க்குப் புழு மருந்து, உண்ணி மாத்திரை: இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்ததில்

எங்கள் சிப்பிப்பாறைக் குட்டிக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. வீட்டுக்கு வந்த வாரத்திலிருந்தே குடற்புழு மருந்தும், எட்டு வாரம் முடிந்ததிலிருந்து உண்ணி மாத்திரையும் கொடுத்து வருகிறோம். "இத்தனூண்டு குட்டிக்கு இவ்வளவு மருந்தா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை.

புழு மருந்தில் எனக்குப் பயமே இல்லை. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்கு வந்துவிடும், பாலிலும் வரும். அதனால்தான் பிறந்த இரண்டாவது வாரத்திலேயே தொடங்கி, மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை கொடுக்கச் சொல்கிறார்கள். டாக்டர் எழுதியது பைரன்டெல் சிரப். குடலைத் தாண்டி ரத்தத்தில் அதிகம் கலக்காத மருந்து. மறுநாள் காலை மலத்தில் வேகவைத்த சேமியா போல வெள்ளை வெள்ளையாக வந்தது, ஒன்று நெளிந்துகொண்டும் இருந்தது. அரை நாள் வயிறு கொஞ்சம் இளகியது, அவ்வளவுதான்.

உண்ணி மாத்திரை விஷயத்தில்தான் நிறைய யோசித்தோம். அஃபாக்சோலனர், ஃப்ளூரலனர் வகை மாத்திரைகளால் சில நாய்களுக்கு நடுக்கம், தள்ளாட்டம், வலிப்பு வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. ஆனால் மாத்திரைகளைத் தடை செய்யவில்லை. இந்தப் பக்கம் பார்த்தால், உண்ணிக் காய்ச்சலில் ரத்த அணுக்கள் சரிந்து போன குட்டிகளை எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் பேசிவிட்டு மாதாந்திர மாத்திரையைத் தேர்ந்தெடுத்தோம். பன்னிரண்டு வாரம் தாங்கும் மாத்திரையும் உண்டு. ஆனால் வளரும் குட்டி அதற்குள் அடுத்த எடைப் பிரிவுக்குப் போய்விடும்.

எடைதான் முக்கியம். இரண்டு கிலோவுக்குக் குறைந்த குட்டிக்கு இந்த இரண்டு உண்ணி மாத்திரைகளுமே கூடாது. சிப்பிப்பாறை மெலிந்த உடம்பு, கண்ணால் பார்த்து எடை சொல்ல முடியாது. குட்டியைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுவேன், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்வேன். பெரிய நாய் மாத்திரையைக் கத்தியால் நாலாக வெட்டித் தருகிற கடைகள் இருக்கின்றன. எந்தத் துண்டில் எவ்வளவு மருந்து என்று யார் அளந்தார்கள்? எடை பார்க்காமலே உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஊசி போடும் பழக்கமும் இருக்கிறது. கோலி (Collie) இன நாய்களில் சிலவற்றுக்கு அந்த மருந்து மூளைக்குள் போய்விடும் மரபணுக் குறை உண்டு. அவற்றுக்கு அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து.

இந்த இரண்டு வருடத்தில் நான் கண்டது: சாப்பாட்டோடு கொடுக்காத ஒரு முறை வாந்தி, வேறு சில முறை ஒரு வேளைச் சோர்வு. மாத்திரை போட்ட பிறகும் காது மடலிலும் விரல் இடுக்கிலும் உண்ணி தென்படும். கடித்து ரத்தம் குடித்தால்தான் அது சாகும். போதாததற்கு, சுவர் வெடிப்பில் முட்டையிட்டுப் பெருகுகிற ஜாதி. வெயில் காலத்தில் மாத்திரையோடு சுவர் ஓரத்தையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டு லேப்ரடாருக்குக் குட்டியிலிருந்தே வலிப்பு. அதே டாக்டர் அதற்கு இந்த மாத்திரையே வேண்டாம் என்று உடம்பில் அடிக்கும் உண்ணி மருந்தான ஃபிப்ரோனில் ஸ்ப்ரே எழுதிக் கொடுத்தார்.