காமிக்ஸ் பை, அட்டை, பெட்டி: குலசேகரம் மழைக்குத் தாங்குமா?

காமிக்ஸைப் பத்திரப்படுத்துகிற பை, புத்தகம் வளையாமல் இருக்கப் பைக்குள் வைக்கிற அட்டை, பெட்டி மூன்றும் சேர்ந்த செட் ஒன்றை ஆன்லைனில் வாங்கி, இடவப்பாதி என்கிற தென்மேற்கு மழையும் ஐப்பசி மழையும் முடிகிறவரை அதில்தான் புத்தகங்களை வைத்திருந்தேன். இப்போது நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன்கள் சிலர் மார்வெல், டிசி என்கிற அமெரிக்க கம்பெனிகளின் புது காமிக்ஸ் இஷ்யூக்களை இன்வெஸ்ட்மென்ட் என்று வாங்கி அடுக்குவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். பை நல்ல பை. அட்டை பரவாயில்லை. பெட்டி நம்ம ஊருக்கு ஆகாது.

பை பாலிப்ரொப்பிலீன். முகர்ந்து பார்த்தால் ஒரு வாசமும் இல்லை, அதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பேங்க் பாஸ்புக்குக்குப் போடுகிற தடித்த பிவிசி உறையைக் கொஞ்ச நாள் கழித்துக் கழற்றினால் அச்செழுத்து உறையிலேயே ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்திருப்பீர்கள், அந்த மாதிரி உறையைக் காமிக்ஸ் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பாலிப்ரொப்பிலீனும் காலத்துக்கும் நிற்காது, சில வருடத்தில் மங்கிப்போகும், மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுகிற வேலையே வேண்டாம் என்றால் மைலார் என்கிற பாலியெஸ்டர் பை வாங்கலாம், ஆனால் விலை பல மடங்கு.

பையில் எனக்குப் பிடிக்காத ஒன்று, மூடுகிற மடலில் இருக்கிற பசைப் பட்டை. புத்தகத்தை வெளியே எடுக்கும்போது அட்டைப்படத்தின் மேல் விளிம்பு அதில் பட்டால் போச்சு, மையோடு உரிந்து வந்துவிடும். எடுப்பதற்கு முன்னால் மடலைப் பின்பக்கமாக மடித்து ஒட்டிக்கொள்ளுங்கள். பசை பையின் பின்பக்கத்தில் இருக்கிற வகையும் கிடைக்கிறது, அடுத்த தடவை அதைத்தான் வாங்குவேன்.

உள்ளே வைக்கிற அட்டைக்கு ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் சொரசொரப்பு. அமிலத்தைத் தடுக்கிற கால்சியம் கார்பனேட் இருப்பது பளபளப்பான பக்கத்தில், அந்தப் பக்கம்தான் புத்தகத்தைப் பார்த்து இருக்க வேண்டும். நிறையப் பேர் திருப்பி வைத்துவிடுகிறார்கள். எனக்கு வந்த கட்டில் சில அட்டைகள் ஒரு நூல் கூடுதலாக வெட்டியிருந்தன, பைக்குள் திணித்தால் மூலை மடங்கும், அதையெல்லாம் ஒதுக்கிவிட்டேன்.

பெட்டிதான் பிரச்சினை. வெள்ளை அட்டைப்பெட்டி, வெளிநாட்டில் எல்லாரும் பயன்படுத்துவது. காகிதத்துக்கு ஈரப்பதம் 50 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது, இங்கே ஆனி ஆடியில் என் அறையில் 80-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் பெய்கிற ஊர். பெட்டியின் அடிப்பாகம் ஈரம் இழுத்துத் தளர்ந்துவிட்டது, மூலையில் காகிதம் அரிக்கிற ராமபாணப் பூச்சியும் வந்துவிட்டது. பையில் போடாமல் அலமாரியில் இருந்த ஒரு இஷ்யூவின் நடுப்பக்கத்தை விரித்துப் பார்த்தேன், ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து அதைச் சுற்றிக் காப்பிக் கலரில் ஒரு வளையம் காகிதத்தில் பரவியிருந்தது. படிக்க ஒரு இடைஞ்சலும் இல்லை. விற்கப்போனால் வாங்குகிறவர் கண் நேராக அங்கேதான் போகும்.

இப்போது ரப்பர் வளையம் வைத்து மூடுகிற பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட்டேன், உள்ளே சிலிக்கா ஜெல், மேற்குச் சுவரை ஒட்டாமல், தரையில் படாமல் ஒரு பலகை மேல். ஜெல் நிறம் மாறினால் சூடாக்கி மறுபடியும் பயன்படுத்தலாம், சமையல் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள். ஈரம் உறிஞ்சுகிற மின் கருவி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். 2017-இல் ஒக்கி அடித்து எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்று நினைத்துப் பாருங்கள், கரண்டை நம்புகிற பாதுகாப்பு எனக்குச் சரிப்படாது.

ரப்பர் ஷீட் அடிக்கிற வீட்டுக்காரர்களுக்குத் தரம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தோட்டத்துப் பால்தான், பூஞ்சையும் கறையும் குமிழியும் பார்த்து ஆர்.எஸ்.எஸ். 4, 5 என்று (புகை போட்டு உலர்த்திய ஷீட்டின் தர எண்) பிரித்தால் விலை வேறு. காமிக்ஸிலும் 10-க்கு இவ்வளவு என்று தரம் போடுகிறார்கள். புது இஷ்யூ என்றால் எல்லாரும் கேட்பது 9.8, முதுகுப்பக்கம் நாலைந்து சின்னக் கோடு விழுந்தாலே கீழே வந்துவிடும். இதைப் பார்த்துச் சொல்கிறவர்களில் பெரியவர்கள் 2000-இல் தொடங்கிய சி.ஜி.சி. என்கிற நிறுவனம், இருப்பது அமெரிக்காவில் புளோரிடாவில். இங்கிருந்து கூரியர், இன்ஷூரன்ஸ், அவர்கள் கட்டணம், திரும்பி வர கஸ்டம்ஸ் எல்லாம் கூட்டிப் பாருங்கள், 4 டாலர் புத்தகத்துக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகாது. வந்த பிறகு பிளாஸ்டிக்கில் சீல் வைத்திருப்பதால் பிரித்துப் படிக்கவும் முடியாது.

"எடே, கீ இஷ்யூ டே, வச்சிருந்தா அஞ்சு வருஷத்துல வீடு கெட்டலாம்" என்றான் மார்த்தாண்டத்து நண்பன் ஒருவன். கீ இஷ்யூ என்றால் ஒரு பாத்திரம் முதல்முதலாக வருவது மாதிரி முக்கியமான இதழ். அவனிடம் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். 1991-இல் வந்த எக்ஸ்-மென் முதல் இஷ்யூ ஐந்து விதமான அட்டைப்படங்களோடு எண்பது லட்சம் பிரதிக்கு மேல் போனது, இன்றைக்கும் சில டாலருக்குக் கிடைக்கும். அடுத்த வருடம் சூப்பர்மேன் சாகிற 75-ஆம் இஷ்யூ கறுப்புப் பையில் வந்தபோது படிக்க ஒன்று, பிரிக்காமல் வைக்க ஒன்று என்று ஜோடியாக வாங்கினார்கள். எல்லாரும் பத்திரமாக வைத்திருந்தால் யார்தான் வாங்குவார்கள்? சந்தை சரிந்தது, கடைகள் வரிசையாக மூடின, 1996-இல் மார்வெல்லே திவால் மனு கொடுத்தது. விலை ஏறினது எது என்றால், 2003-இல் கறுப்பு வெள்ளையில் சுமார் 7,300 பிரதி மட்டும் அடித்த வாக்கிங் டெட் முதல் இஷ்யூ. அந்த மாதிரி ஒன்று உங்கள் கையில் இருந்தால் இந்தப் பைக்குக் கொடுக்கிற காசு தகும். இருபது விதமான அட்டைப்படங்களோடு வருகிற புது இஷ்யூவை லாபத்துக்காக வாங்கி, அதற்கு மேலே பைக்கும் பெட்டிக்கும் செலவு செய்வது வேண்டாம். கதை பிடித்திருந்தால் வாங்கிப் படியுங்கள்.

எனக்கு இந்தப் பை அதிகம் தேவைப்படுவது பழைய தமிழ் காமிக்ஸுக்கு. 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984-இல் வந்த லயன், அப்புறம் 2005-இல் நின்றுபோன ராணி காமிக்ஸ். படித்து, கைமாறி, பழைய பேப்பர்காரரிடம் போனது போக மிஞ்சினவை, அதனால்தான் அந்தப் பழைய இதழ்களுக்கு இத்தனை தேட்டம். என்னிடம் இருப்பவற்றை விற்கிற எண்ணம் இல்லை, என் பிள்ளைகள் படிக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால் இந்தப் பை பத்தரை அங்குல உயரம், அமெரிக்க சைஸ். சின்ன சைஸ் ராணி காமிக்ஸைப் போட்டால் உள்ளே ஆடி ஆடி மூலை நசுங்குகிறது, இப்போதைக்கு மீதியை மடித்துப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறேன். நாகர்கோவிலிலோ தக்கலையிலோ அளவு சொன்னால் பாலிப்ரொப்பிலீன் பை அடித்துத் தருகிற இடம் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.