புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்: சிடி, பெட்-சிடி, எம்ஆர்ஐ – எதை எந்த அளவுக்கு நம்பலாம்?

ஸ்கேன் அறிக்கையில் 'நோய்க்கான அறிகுறி இல்லை' என்று வந்தால், கண்ணில் படும் அளவுக்குக் கட்டி இல்லை என்று மட்டுமே பொருள். ஒரு செ.மீ. கட்டியிலேயே கோடிக்கணக்கில் செல்கள் இருக்கும். சில ஆயிரம் செல்கள் ஒளிந்திருந்தால் எந்த ஸ்கேனிலும் தெரியாது.

சிடி பார்ப்பது உருவத்தையும் அளவையும். நிணநீர்க் கணுவின் குறுக்களவு 10 மி.மீ.க்குள் இருந்தால் பொதுவாக இயல்பு என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் 7 மி.மீ. கணுவிலும் புற்று இருக்கலாம், 18 மி.மீ. கணு வெறும் அழற்சியாகவும் இருக்கலாம். நுரையீரலின் சில மி.மீ. முடிச்சுகளைப் பிடிப்பதில் மட்டும் சிடியை மிஞ்ச ஆளில்லை.

ஹாட்ஜ்கின் லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றில் நோய் அடங்கிய பிறகும் நெஞ்சில் தழும்புக் கட்டி நிற்பதுண்டு. உயிருள்ள கட்டியா, தழும்பா என்று சிடியால் சொல்ல முடியாது, பெட்-சிடி சொல்லும். உடலில் ஏற்றும் கதிரியக்கச் சர்க்கரையை எந்தத் திசு அதிகம் இழுக்கிறது என்பதுதான் அதில் தெரிவது. சிக்கலும் அங்கேயே: கதிர்வீச்சால் புண்பட்ட திசு, தொற்று, ஆறிவரும் அறுவைக் காயம் எல்லாமே சர்க்கரையை இழுத்து ஒளிரும். அதனால்தான் கதிர்வீச்சு முடிந்து ஏறக்குறைய 12 வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அவசரப்பட்டு ஆறாம் வாரமே எடுத்தால் வீண் பீதிதான் மிஞ்சும்.

பெட்டுக்கான முன்தயாரிப்பிலும் கோட்டை விடுவதுண்டு. குறைந்தது 4 மணி நேரமாவது வெறும் வயிறு, ரத்தச் சர்க்கரை 200க்குக் கீழே, ஊசி போட்டபின் சுமார் ஒரு மணி நேரம் அசையாத ஓய்வு. சர்க்கரை எகிறியிருந்தால் கட்டி மங்கிவிடும். மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் குடல் முழுக்க ஒளிர்ந்து, அங்கிருக்கும் கட்டியை மறைத்துவிடலாம். 8 மி.மீ.க்குக் குறைந்தவை, சளி சுரக்கும் வகைக் கட்டிகள், பெரும்பாலான புரோஸ்டேட் புற்றுகள் சாதாரண பெட்டில் நழுவிவிடும். புரோஸ்டேட்டுக்கு, அதன் செல்களில் இருக்கும் பிஎஸ்எம்ஏ என்ற புரதத்தைத் தேடும் பிஎஸ்எம்ஏ பெட் தனியாக உண்டு.

மூளை இயல்பிலேயே சர்க்கரையை விழுங்கும் உறுப்பு. அதனால் பெட்டில் கட்டி தனித்துத் தெரியாது. அங்கே எம்ஆர்ஐதான், கல்லீரல், மலக்குடலுக்கும் அது நல்ல தேர்வு. ஆனால் மூளைக் கட்டிக்குக் கதிர்வீச்சு தந்த முதல் மூன்று மாதத்தில், கட்டி வளர்ந்தது போன்ற போலித் தோற்றம் எம்ஆர்ஐயில் வரலாம். சிகிச்சையை மாற்றுவதற்குமுன் நாலு முதல் எட்டு வாரம் விட்டு இன்னொன்று எடுத்துப் பார்ப்பது வழக்கம்.

உரிய காலத்தில் எடுத்த பெட்டில் ஒளிர்வே இல்லையென்றால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். ஒளிர்ந்தால் அந்த அளவுக்கு நம்ப வேண்டாம்; ஊசி எட்டும் இடமென்றால் திசுவை எடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான் முடிவு சொல்லும்.