வெளியூர்ப் பட்டதாரியா, பக்கத்துத் தெருப் பட்டதாரியா?

செல்லூரில் நான் படித்த தொடக்கப்பள்ளியில் இப்போது 88 குழந்தைகள், மூன்று ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்குப்படி இதில் குறையொன்றும் இல்லை. 61 முதல் 90 குழந்தைகள் வரை மூன்று ஆசிரியர்கள் போதும். ஆனால் வகுப்புகள் ஐந்து. எந்த நேரமும் இரண்டு வகுப்புகள் ஆசிரியர் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதனால் முன்னாள் மாணவர்கள் சிலர் மாதாமாதம் பணம் போட்டு, கூடுதலாக ஓர் ஆசிரியரை அமர்த்தி வருகிறோம். யாரை அமர்த்துவது என்பதில் இரண்டு வழிகளையும் பார்த்துவிட்டோம்.

முதல் வழி, டீச் ஃபார் இந்தியா 2009-இல் மும்பையிலும் புனேயிலும் தொடங்கிய ஏற்பாட்டின் சாயல். எந்தத் துறையில் பட்டம் பெற்றிருந்தாலும் சரி, திறமையான இளைஞர்கள் இரண்டாண்டு முழுநேரமாக ஏழைக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துவார்கள். தமிழ்நாட்டில் அது சென்னையில் நடக்கிறது. நாங்கள் இங்கே அதைப் பார்த்து, சொந்தமாக ஒரு சின்ன முயற்சி செய்தோம். பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு வந்த தமிழ்ப் பொறியாளர் ஒருவர் கிடைத்தார்.

அருமையான ஆசிரியர். கடன் வாங்கிக் கழித்தலுக்கு அவர் செய்ததை இன்றும் மறக்கவில்லை. புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகத் துணியில் முடிந்து வைத்திருப்பார். 52-இலிருந்து 17 போக வேண்டுமென்றால் ஐந்து முடிச்சும் இரண்டு கொட்டையும் குழந்தையின் முன் இருக்கும். ஏழு கொட்டை எடுக்க முடியாமல் விழிக்கும் குழந்தை, தானாகவே ஒரு முடிச்சை அவிழ்க்கும் வரை வாயே திறக்க மாட்டார். ஆங்கிலமும் அவரிடம் குழந்தைகள் கூச்சமில்லாமல் பேசினார்கள்.

இரண்டாவது வழி, பள்ளிக்கு நாலு தெரு தள்ளி வசிக்கும் பெண். பி.எஸ்சி. கணிதம், பி.எட். முடித்து, ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார். 2021-இல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையில் மாலை நேரத்தில் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். ஆங்கிலம் சுமார்தான். பாடம் நடத்துவதில் புளியங்கொட்டை அளவுக்குப் புதுமையும் கிடையாது.

செலவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர்க்காரருக்கு வாடகை சேரும், உள்ளூர்க்காரருக்குச் சேராது.

எங்களை முடிவெடுக்க வைத்தது வேறு. ஆசிரியர் போன மறுநாள் வகுப்பில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் அது. இருவருமே போகத்தான் செய்தார்கள். பொறியாளர் சொன்ன சொல் தவறாமல் இரண்டாண்டு முடித்து, ஏப்ரலில் விடைபெற்றார். அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான்காம் வகுப்பில் ஒரு சிறுமி; அவரிடம்தான் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியிருந்தாள். ஜூன் மாதம் புது முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். ஆகஸ்ட் வரை வாசிக்கவில்லை. எழுப்பி நிற்க வைத்தால் அவளுக்கு வாசிக்க வராது, பக்கத்தில் உட்கார்ந்தால் வரும்; இந்தச் சின்ன விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது, வேறு யாருக்கும் தெரியாது. இரண்டாண்டில் அவர் ஒவ்வொரு குழந்தையைப் பற்றியும் அறிந்துகொண்டதெல்லாம் அவரோடு பஸ் ஏறிவிட்டது.

உள்ளூர் ஆசிரியை போனது இன்னும் மோசமான நேரத்தில். இரண்டாம் ஆண்டின் நடுவில் அரசுப் பணிக்கான ஆணை வந்தது. பத்து நாளில் சேர வேண்டும். நாங்கள் பதறினோம், அவர் பதறவில்லை. அடுத்த தெருவில் இருக்கும் கல்லூரித் தோழியை அழைத்து வந்து, ஒரு வாரம் தன்னோடு வகுப்பில் உட்கார வைத்தார். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டையும் கொடுத்தார். குழந்தைக்கு ஒரு பக்கம். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: “ல, ழ, ள மூன்றையும் ஒன்றாகவே எழுதுகிறான். திட்டக் கூடாது. அப்பாவுக்கு இரவுத் தறி. காலையில் எழுப்ப ஆளில்லை. தாமதமாக வந்தால் காரணம் கேட்க வேண்டாம், உள்ளே விடவும்.” பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருப்பவருக்கு இந்தக் கடைசி இரண்டு வரி எப்படித் தெரியும்? அவர் அந்தத் தெருவில் காலையில் பால் வாங்கப் போகிறவர். வேலைக்குப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பையனைத் தெருவில் பார்க்கிறார், பாடம் எதுவரை வந்திருக்கிறது என்று கேட்கிறார்.

வெளியூர்க்காரரும் நோட்டு எழுதலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். எழுதலாம், எழுதச் சொல்லாதது எங்கள் தவறு. ஆனால் நோட்டைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்க, எழுதியவர் நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நான் சொல்வது ஒரு பள்ளியில், இரண்டு ஆசிரியர்களை வைத்துத்தான். அதுவும் தொடக்க வகுப்புகளுக்கு. பிளஸ் டூ இயற்பியலுக்கு ஆள் தேடுகிறவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம். அங்கே பாட அறிவே முதலில் வரலாம். பொறியாளரைப் போன்றவர்களை நாங்கள் விட்டுவிடவும் இல்லை. இந்த மே மாதம் ஒரு வாரம் வந்து, உள்ளூர் ஆசிரியைகளுக்குக் கணிதப் பயிற்சி தர ஒப்புக்கொண்டிருக்கிறார். புளியங்கொட்டை சேர்த்து வைக்கச் சொன்னார். தோழி இப்போதே இரண்டு படி சேர்த்துவிட்டார்.