வோகல்: பழைய பதிப்பா, புதியதா?

கரிம வேதியியல் செய்முறைக்கு ஒரே புத்தகம் என்றால் ஆர்தர் வோகல் எழுதிய பாடநூல்தான்; ஆய்வகத்தில் அதன் பெயரே வோகல். எந்தப் பதிப்பு என்பதில்தான் சிக்கல். 1956-இல் வந்த மூன்றாம் பதிப்பு பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். வடிதாள் மடிப்பது, சூடான கரைசலைப் புனலில் உறையாமல் வடிப்பது போன்ற கைவேலைகளை அவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரும் புத்தகங்கள் குறைவு. ஆனால் அதிலுள்ள கரைப்பான்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

அது பென்சீனைத் தண்ணீர்போலப் புழங்கிய காலத்துப் புத்தகம். பென்சீன் புற்றுநோய் தரும் என்பது இன்று உறுதியான செய்தி. பொருளைக் கரைத்துப் படிகமாக்கிச் சுத்தம் செய்யும்போது, அதற்குப் பதில் டொலுவீன் என்ற கரைப்பானுக்கு மாறினால் வேறொரு தொல்லை வரும். பென்சீன் கொதிப்பது 80 டிகிரியில், டொலுவீன் 111-இல். இரண்டுக்கும் இடையில் உருகும் பொருள் டொலுவீனில் படிகமாகாமல் எண்ணெயாகப் பிரிந்து, அழுக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வரலாம். அத்தகைய பொருளுக்கு முதலில் எத்தனால்-தண்ணீர் கலவையை முயல்வது நல்லது. கண்ணாடி கழுவ மூன்றாம் பதிப்பு சொல்லும் குரோமிக் அமிலக் கலவையும் வேண்டாம். சோப்புக் கரைசலில் ஓர் இரவு ஊறவிட்டாலே பெரும்பாலான கறை போகும்.

ஐந்தாம் பதிப்பு (1989) தடிமனானது, விலையும் கூடுதல். ஆனால் வேலைக்கு உரியது அதுதான். எளிதில் ஆவியாகும் கரைப்பானான ஈதரின் சுத்திகரிப்பை மட்டும் பாருங்கள். திறந்து வைத்த ஈதரில் காற்றுப்பட்டு வெடிக்கக்கூடிய பெராக்சைடு சேரும். சோதிக்க 1 மி.லி. ஈதர், 1 மி.லி. கிளேசியல் (தண்ணீர் கலக்காத) அசிட்டிக் அமிலம், 100 மி.கி. பொட்டாசியம் அயோடைடு போதும். கலவை வெளிர்மஞ்சள் என்றால் பெராக்சைடு கொஞ்சம். பழுப்பு என்றால் நிறைய. கொஞ்சமாக இருப்பதை நீக்க 110 மி.லி. தண்ணீரில் 6 மி.லி. அடர் சல்ஃபூரிக் அமிலத்தை மெல்ல ஊற்றி, 60 கிராம் ஃபெரஸ் சல்ஃபேட் கரைத்து, அதில் 10–20 மி.லி.யை 100 மி.லி. தண்ணீரோடு சேர்த்து ஒரு லிட்டர் ஈதரைக் குலுக்க வேண்டும். பிறகு ஈதரைக் காய்ச்சி வடிக்கும்போது குடுவையை ஒருபோதும் வறளவிடக் கூடாது. பெராக்சைடு ஆவியாகாமல் அடியில் செறிந்து வெடிக்கும். மூடியைச் சுற்றிப் படிகம் தெரிந்தால் இந்த வேலை எதுவும் வேண்டாம். புட்டியைத் தொடாமல் பாதுகாப்பு அலுவலரை அழையுங்கள்.

எந்தப் பதிப்பிலும் ஒரு குறை உண்டு: வோகல் லண்டன்காரர், அவருடைய அறை வெப்பம் நம்முடையது இல்லை. ஈதர் கொதிப்பது 34.6 டிகிரியில். மே மாத வேலூரில் ஃபேன் போட்ட ஆய்வகமே அந்தச் சூட்டில் இருக்கும். மாடித் தொட்டித் தண்ணீரைக் கண்டென்சரில் (ஆவியைக் குளிரவைக்கும் குழாயில்) விட்டால் ஈதர் குளிராமல் அறையெங்கும் பரவும். ஐஸ் போட்ட வாளியிலிருந்து கூலர் பம்பு வைத்துத் தண்ணீரைச் சுற்றவிடுங்கள். புட்டியையும் ஐஸில் வைத்த பிறகே திறக்க வேண்டும். ஒன்றோடொன்று கலவாத திரவங்களைக் குலுக்கிப் பிரிக்கும் பிரிபுனலை முதல் முறை புரட்டியதுமே தண்டை மேல்நோக்கிப் பிடித்து, யார் முகமும் இல்லாத பக்கம் திருப்பிக் குழாயைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள்.

பாதுகாப்புக்குத் தனியாகக் காசு செலவழிக்க வேண்டாம். அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் ‘புரூடென்ட் பிராக்டிசஸ் இன் தி லேபரட்டரி’ (2011) இலவசமாகவே இறங்கும். எந்த வேதிப்பொருள் எப்படி ஆபத்தாக வினைபுரியும் என்று தொகுத்துச் சொல்லும் பிரெதெரிக்கின் கையேடு சொந்தமாக வாங்கும் விலையில் இல்லை, நூலகத்தில் பார்த்தால் போதும். அதில் சேர்மங்கள் வாய்பாட்டு வரிசையில் இருக்கும். குளோரோஃபார்மைத் தேட CHCl₃ என்று போக வேண்டும். அசிட்டோனையும் குளோரோஃபார்மையும் ஒரே கழிவுக் கேனில் ஊற்றுகிறவர்கள் அந்தப் பக்கத்தை அவசியம் படிக்க வேண்டும். அதில் கொஞ்சம் காரம் கலந்தாலே போதும், கேன் கொதித்துச் சிதறும்.