ஊர் சுற்ற ஆசையா? ஆமியா, நேவியா, விமானப்படையா?

உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு, "படையில சேர்ந்தா வெளிநாடு பார்க்கலாமாமே" என்று கேட்கிற பொடியன்மார் கல்முனையிலும் உண்டு, வாழைச்சேனையிலும் உண்டு. மட்டக்களப்பில் பல தமிழ் வீடுகளில் சீருடை என்றாலே அம்மாமாரின் முகம் மாறிவிடும். ஏன் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. அதை வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். இங்கே பயணத்தை மட்டும் பார்ப்போம்.

ஆமிக்காரருக்கு வெளிநாடு என்றால் பெரும்பாலும் ஐ.நா. அமைதிப்படைதான். அந்த வாசல்கள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. 2004இல் தொடங்கிய ஹெய்ட்டிப் பணி 2017இல் முடிந்தது, மாலி 2023இல் மூடப்பட்டது. லெபனான் பணியையும் 2026 டிசம்பருடன் நிறுத்தப் பாதுகாப்புச் சபை தீர்மானித்துவிட்டது. பெயரும் கெட்டிருக்கிறது: பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டில் 2007இல் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைப் படையினரை ஹெய்ட்டியிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். போதாக்குறைக்கு, 2030க்குள் இராணுவத்தை ஒரு இலட்சமாகக் குறைப்பதாக அரசு 2023இல் அறிவித்தது. எல்லாம் சரிவந்து போனாலும் ஒரே முகாமில் ஏறத்தாழ ஒரு வருடம். லெபனானின் நாகூராவில் மத்தியதரைக் கடல் கண்முன்னே கிடக்கும்; நீங்கள் வாசலில் காவல் நிற்பீர்கள்.

விமானப்படையின் ஹெலிகொப்டர்கள் 2014 முதல் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐ.நா.வுக்காகப் பறக்கின்றன. விமானிக்கும் ஹெலிகொப்டர் திருத்துகிற தொழில்நுட்பக்காரனுக்கும் அது நல்ல வாய்ப்பு. மற்றவர்களுக்குத் தளமே உலகம்.

எனவே என் வாக்கு நேவிக்குத்தான், ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அல்ல. பெரிய கப்பல்கள் கைவிரல்களுக்குள் அடங்கும். கஜபாகு, விஜயபாகு இரண்டும் அமெரிக்கக் கரையோரக் காவல்படையிடமிருந்து கிடைத்தவை. இங்கிருந்து போன மாலுமிகளே பசிபிக்கைக் கடந்து அவற்றை 2019இலும் 2022இலும் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். கராச்சி, விசாகப்பட்டினம் என்று கூட்டுப் பயிற்சிகளுக்குப் போவதும் இப்படியான கப்பல்கள்தான். சிறு படகில் போட்டுவிட்டால் திருகோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ரோந்துதான்.

இதனால் படையைவிடப் பிரிவைப் பார்த்துச் சேருங்கள். கப்பல் தளத்திலோ எஞ்சின் அறையிலோ வேலை செய்கிறவன் கடலுக்குப் போவான். எழுதுவினைஞருக்கும் களஞ்சியக்காரருக்கும் கரையில் கிடக்கிற வாய்ப்பே அதிகம். எஞ்சின் அறை வெக்கையில் நாலு மணி நேரம் எஞ்சினைக் கவனித்தபடி நிற்கிற முறை சுகமான வேலை அல்ல, ஆனால் படையை விட்டு வெளியே வந்தாலும் அந்தக் கைத்தொழில் சோறு போடும். சிங்களம் தடுமாறினால் எந்தப் படையிலும் பயிற்சிக் காலம் பெரும்பாடு. பேச்சுச் சிங்களத்தையாவது இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள்.

"அப்ப சரக்குக் கப்பலுக்கே போகலாமே" என்பார்கள். சம்பளம் டொலரில், உண்மைதான். ஆனால் பயிற்சிச் செலவு உங்கள் தலையில். கொன்டெய்னர் கப்பல் பல துறைமுகங்களில் ஒரு நாள்கூட நிற்காது. கிரேனையும் வேலியையும் பார்த்துவிட்டு அடுத்த நாட்டுக்குப் போக வேண்டியதுதான். நல்லெண்ணப் பயணம் போகிற போர்க்கப்பல் இரண்டு மூன்று நாள் கட்டிக் கிடக்கும், முறை வைத்து ஊருக்குள் இறங்க விடுவார்கள். காசு வேண்டியவன் சரக்குக் கப்பலுக்குப் போகட்டும்.

வெளிநாட்டுப் படையில் சேர்த்துவிடுகிறோம் என்று காசு கேட்கிற ஏஜென்சிக்காரர் பக்கம் மட்டும் தலைவைத்தும் படுக்காதீர்கள். அப்படி நம்பி ரஷ்யா போன முன்னாள் படையினர் சிலர் உக்ரைன் போர்முனையில் செத்த செய்தி 2024இல் வந்தது.