ஊஞ்சலில் இருந்து பார்த்தால் ப்ரோ தெரியுமா?

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் பொங்கலுக்கு ஊருக்கு வருகிறான். "அண்ணே, பிஎஸ்5 ப்ரோ வாங்கிட்டு வரவா? பழசை வித்துடுங்க" என்று போனில் கேட்டான். பிஎஸ்5 என்றால் சோனியின் வீடியோ கேம் கன்சோல் ப்ளேஸ்டேஷன் 5, ப்ரோ அதன் மேம்பட்ட மாடல். கும்பகோணத்தில் என் வீட்டில் ஓடுவது 2021-இல் வாங்கிய சாதா பிஎஸ்5, டிஸ்க் போடும் மாடல். ஒரு நாள் டைம் கொடு என்று சொல்லிவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

ப்ரோவில் உண்மையில் வளர்ந்தது கிராபிக்ஸ் பகுதி. படம் வரையும் வேகம் 45 சதவீதம் வரை கூடுதல் என்பது சோனியின் கணக்கு. சேமிப்பு இடம் 825 ஜிபியிலிருந்து 2 டிபி ஆகிறது. ஆனால் ஆட்டத்தின் கணக்குகளைப் போடும் மூளையான சிபியு அதே பழைய தலைமுறைதான். சந்தைக் கூட்டம் மாதிரி ஆட்கள் நெரியும் காட்சியில் சிபியு மூச்சு வாங்கினால், ப்ரோவிலும் பெரிய விடிவு இல்லை. 2016-இல் பிஎஸ்4 ப்ரோ வந்தபோது கிராபிக்ஸ் திறன் 1.84 டெராஃப்ளாப்ஸிலிருந்து (கணக்கு வேகத்தின் அளவு) 4.2-க்குத் தாவியது. அந்தத் தாவல் இந்த முறை கிடையாது.

அப்போ ப்ரோ வெறும் பேச்சா? இல்லை. சாதா பிஎஸ்5-இல் பல ஆட்டங்கள் நம்மைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்: தெளிவான படம் வேண்டுமென்றால் நொடிக்கு 30 பிரேம் (திரையில் மாறும் படங்கள்), வழுக்கிக்கொண்டு ஓட வேண்டுமென்றால் 60 பிரேமும் கொஞ்சம் மங்கலும். ப்ரோ இரண்டையும் ஏறக்குறைய சேர்த்தே தருகிறது. சிறிய படத்தை ஏஐ வைத்துக் கூர்மையாக்கிப் பெரிதாக்கும் பிஎஸ்எஸ்ஆர் என்ற உத்தி அதற்குக் கைகொடுக்கிறது.

இது கண்ணுக்குத் தெரிய 55, 65 அங்குல 4கே டிவி வேண்டும், அதன் கிட்டே உட்காரவும் வேண்டும். என்னிடம் இருப்பது 43 அங்குலம். நான் ஆடுவதோ ஹாலில் ஊஞ்சலில் உட்கார்ந்து, டிவிக்குப் பத்தடி தள்ளி. அங்கிருந்து மங்கலாவது கூர்மையாவது!

என் முடிவைத் தீர்மானித்தது டிஸ்க்தான். ப்ரோவில் டிஸ்க் டிரைவ் இல்லை, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். இங்கே நாங்கள் நாலு பேர். புதிதாக ஒரு பெரிய ஆட்டம் 4,999 ரூபாய்க்கு வந்தால் ஒருவர் வாங்குவோம், முடித்ததும் டிஸ்க் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். டவுன்லோடில் வாங்கியதை அப்படி யாருக்கும் கைமாற்ற முடியாது. மழைக்காலத்தில் 100 ஜிபி இறக்குவதற்குள் எங்கள் தெரு பிராட்பேண்ட் இரண்டு தடவை படுத்துவிடும் என்பது வேறு கதை.

விலையைப் பார்த்தால், 2024 நவம்பரில் ப்ரோ அமெரிக்காவில் 699.99 டாலருக்கு வந்தது. டிரைவுக்கு இன்னொரு 80 டாலர். அப்போது இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு அப்போது இங்கே அனுமதி இல்லாததுதான் காரணம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டி பழுதானால் வாரண்டி என்று போய் நிற்க இடம் கிடையாது. தை அறுவடை தூசு வீட்டுக்குள் வரும் ஊரில், கோடையில் வோல்டேஜ் ஏறி இறங்கும் ஊரில், எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. (எந்தப் பெட்டி வைத்திருந்தாலும் சரி, இன்வர்ட்டரை யுபிஎஸ் மோடில் வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போகும் அந்த ஒரு நொடியில் கன்சோல் அணைந்துவிடும்.)

பெரிய 4கே டிவி ஏற்கெனவே இருந்து, ஆட்டங்களை டவுன்லோடாகவே வாங்கிப் பழகியவருக்கு ப்ரோ சரி. இன்னும் பிஎஸ்4 வைத்திருப்பவர் டிஸ்க் போடும் சாதா பிஎஸ்5-க்கு மாறினாலே போதும், அதுதான் பெரிய பாய்ச்சல். எனக்குக் குறை இடம் மட்டும்தான். 825 ஜிபியில் ஆட்டங்களுக்குக் கிடைப்பது 667. அதற்கு எம்.2 எஸ்எஸ்டி என்ற சின்ன சேமிப்பு அட்டை ஒன்று போதும், ஸ்லாட் உள்ளேயே இருக்கிறது.

ப்ரோ வேண்டாம், எஸ்எஸ்டி போதும் என்று தம்பியிடம் சொன்னேன். "அவ்ளோதானா அண்ணே?" என்றான். பின்னாலிருந்து அம்மா குரல் கொடுத்தார், கோடாலித் தைலம் ஒரு டஜன்.